ஷேல் கேஸ் நமக்குச் சரிப்படுமா?

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில் இது. அவர் கேட்டதைச் சுருக்கினால்: ஷேல் கேஸ் எடுக்கத் தொடங்கிய சில ஆண்டுகளில் அமெரிக்கா எரிவாயுவை ஏற்றுமதி செய்கிற நாடாகிவிட்டது. நம் டெல்டாவில் மீத்தேன் என்று வாயைத் திறந்தாலே போராட்டம், தடைச் சட்டம். இதில் நிஜமான ஆபத்து எவ்வளவு, பயமுறுத்தல் எவ்வளவு? எடுக்காமல் விட்டதால் நமக்கு நஷ்டமா? எடுத்திருந்தால் சென்னையில் வீட்டுக்கு வருகிற குழாய் கேஸாவது மலிவாகியிருக்குமா?

நான் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைப் பற்றிப் படித்தும் அந்தத் துறையில் வேலை பார்த்தும் காலம் தள்ளியவன். அந்தத் தொழில்மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. இருந்தும் ஷேல் கேஸ் காவிரி டெல்டாவுக்குச் சரிப்படாது என்றுதான் சொல்வேன். ஆனால் அதற்கு நான் சொல்லும் காரணம், குழாய்த் தண்ணீரில் தீப்பற்றும் காணொளிகளில் வருகிற காரணம் இல்லை. என் காரணம் கிணறுகளின் எண்ணிக்கை. அதைப் புரிந்துகொள்ள, இந்த வாயு எங்கே, எப்படி இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வாயு எல்லாம் பெரும்பாலும் மீத்தேன்தான். வித்தியாசம் அது அடைபட்டிருக்கும் இடத்தில். கடலடியில் மக்கிய உயிர்ப்பொருள் கோடிக்கணக்கான ஆண்டுகள் வெந்து வாயுவாகிற பாறைக்கு மூலப் பாறை என்று பெயர். அங்கிருந்து கசிந்து மேலே ஏறி, துளைகள் நிறைந்த மணற்கல்லிலோ சுண்ணாம்புக்கல்லிலோ தங்கி, மேலே ஒரு மூடுபாறையும் அமைந்துவிட்டால் அது பழைய வகை வாயு வயல். நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்தில் 1980களிலிருந்து ஓ.என்.ஜி.சி. எடுப்பதும், மும்பை ஹையில் எடுப்பதும் இந்த வகை. ஷேல் என்பது இறுகிய களிமண் பாறை. ஷேல் கேஸ் என்பது அப்படிப்பட்ட மூலப் பாறையை விட்டு வெளியேறாமல் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்ட வாயு. நல்ல மணற்கல்லோடு ஒப்பிட்டால் ஷேலில் வாயு நகர்வது லட்சக்கணக்கான மடங்கு கடினம். பழைய முறை இளநீரைச் சீவி உறிஞ்சுவது என்றால், ஷேல் கேஸ் எடுப்பது கொப்பரையைச் செக்கில் போட்டு ஆட்டுவது. மரம் ஒன்றுதான், வேலை வேறு.

அந்த வேலை எப்படி நடக்கிறது? இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, அங்கே குழாயைப் படுக்கைவாக்கில் திருப்பி, இன்னும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் பாறைக்குள்ளேயே கொண்டுபோவார்கள். பிறகு தண்ணீரோடு மணலும் கொஞ்சம் ரசாயனமும் கலந்து பயங்கர அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளப்பார்கள். விரிசல் மூடிக்கொள்ளாமல் மணல் தாங்கிப் பிடிக்கும், வாயு அதன் வழியே வரும். இதைத்தான் ஃப்ராக்கிங் என்கிறார்கள். அமெரிக்காவில் பழைய வகைக் கிணறுகளில் 1940களின் கடைசியிலிருந்தே சிறிய அளவில் இதைச் செய்துவந்தார்கள். ஜார்ஜ் மிட்செல் என்ற டெக்சாஸ்காரர், அந்த மாநிலத்தில் இருக்கும் பார்னெட் ஷேல் என்ற பாறை அடுக்கில் பல ஆண்டுகள் பணத்தைக் கொட்டி, 1990களின் கடைசியில்தான் விலை கட்டுப்படியாகும் கலவையைக் கண்டுபிடித்தார். அதோடு படுக்கைவாட்டுத் துளையிடலும் சேர்ந்ததும் கதையே மாறிப்போனது. 2000ல் அமெரிக்க வாயு உற்பத்தியில் ஷேலின் பங்கு வெறும் 2 சதவீத அளவுதான். இன்று நான்கில் மூன்று பங்குக்கு மேல். 2016 பிப்ரவரியில் லூசியானாவின் சபைன் பாஸிலிருந்து திரவமாக்கிய வாயுவுடன் (எல்.என்.ஜி.) முதல் கப்பல் கிளம்பியது. 2023ல் உலகிலேயே அதிகம் எல்.என்.ஜி. ஏற்றுமதி செய்கிற நாடு அமெரிக்கா. இதை யாரும் மறுக்க முடியாது. பல அனல் மின்நிலையங்கள் நிலக்கரியை விட்டு வாயுவுக்கு மாறியதால் அந்நாட்டு மின்துறையின் கரியமில வாயுவும் கணிசமாகக் குறைந்தது.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். பழைய வகைக் கிணறு ஒன்று பதினைந்து இருபது வருடம் நிதானமாகக் கொடுக்கும். ஷேல் கிணற்றில் முதல் வருடத்திலேயே உற்பத்தி 60, 70 சதவீதம் விழுந்துவிடும். அப்புறம் சொட்டுச் சொட்டாகப் பல வருடம் வரும். ஆக, உற்பத்தியை அதே அளவில் வைத்திருக்கவே புதிது புதிதாகத் துளையிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் விழும். பார்னெட் ஷேலில் மட்டும் 15,000க்கும் அதிகமான கிணறுகள். ஒவ்வொரு கிணற்றுத் தளத்துக்கும் சில ஏக்கர் நிலம், லாரி போக ரோடு, வாயுக் குழாய், கழிவுநீர்த் தொட்டி, அழுத்த நிலையம். ஒரே தளத்திலிருந்து பல திசைகளில் துளையிடும் முறை வந்த பிறகு நிலத் தேவை குறைந்தது உண்மை. இல்லாமல் போகவில்லை.

பணக் கணக்கும் இதே மாதிரிதான். 2008 நடுவில் அமெரிக்கச் சந்தையில் ஒரு மில்லியன் பிரிட்டிஷ் வெப்ப அலகு (வாயுவை விலை பேசும் அளவு) வாயு 13 டாலரைத் தொட்டது. எல்லோரும் துளையிட்டார்கள். 2012 ஏப்ரலில் 2 டாலருக்கும் கீழே போனது. வாயு வாங்குகிறவர்களுக்குக் கொண்டாட்டம், எடுக்கிறவர்களுக்குக் கடன். ஷேல் புரட்சியின் முகமாக இருந்த செசபீக் எனர்ஜி 2020 ஜூனில் திவால் நோட்டீஸ் கொடுத்தது. வங்கிகளும் முதலீட்டாளர்களும் வருடக்கணக்கில் நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டதால்தான் இந்தத் தொழில் வளர்ந்தது. நம் ஊரில் ஒரு பொதுத்துறை நிறுவனம் அப்படி நஷ்டப்பட்டால் தணிக்கை அறிக்கை வந்து நாடாளுமன்றத்தில் ரகளையாகும்.

இன்னொரு காரணத்தை நம் பத்திரிகைகளில் அதிகம் பார்க்க முடிவதில்லை. அமெரிக்காவில் நிலத்தடியில் இருக்கும் எண்ணெயும் வாயுவும் பெரும்பாலும் நிலத்துக்காரருக்கே சொந்தம். வயலில் கிணறு வந்தால் அவருக்கு ராயல்டி வரும். பக்கத்து வீட்டுக்காரர் முணுமுணுத்தாலும் இவர் கையெழுத்துப் போடுவார். இங்கே நிலத்தடி வளம் அரசுடையது. விவசாயிக்குக் கிடைப்பது நிலத்துக்கான குத்தகைத் தொகையும் பயிர் இழப்பீடும்தான். வாயு எவ்வளவு வந்தாலும் அவருக்குப் பங்கில்லை, தண்ணீர் கெட்டால் மட்டும் முழுப் பங்கு. இந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டு "அமெரிக்க விவசாயி ஒத்துக்கொண்டார், நீ ஏன் மறுக்கிறாய்" என்று கேட்பதில் நியாயமில்லை. அமெரிக்காவிலும் எல்லோரும் தலையாட்டிவிடவில்லை. பார்னெட் ஷேலின் மேலேயே இருக்கும் டென்டன் நகர மக்கள் 2014 நவம்பரில் வாக்களித்து ஃப்ராக்கிங்கைத் தடை செய்தார்கள். அடுத்த மே மாதமே டெக்சாஸ் மாநில அரசு சட்டம் போட்டு அந்தத் தடையைச் செல்லாமல் ஆக்கிவிட்டது. அதிகாரம் யார் கையில் என்ற சண்டை நமக்கு மட்டும் சொந்தமில்லை.

சரி, ஆபத்துகள். தண்ணீரில் தொடங்குகிறேன். சென்னைக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். 2019 கோடையில் நான்கு ஏரிகளும் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, ஐம்பது வேகன்கள் கொண்ட ஒரு ரயில் கொண்டுவந்தது 25 லட்சம் லிட்டர். ஒரு ஷேல் கிணற்றை ஒருமுறை பிளக்கத் தேவைப்படுவது ஒன்றரை முதல் இரண்டு கோடி லிட்டர். அதாவது ஆறிலிருந்து எட்டு ரயில். இப்போது தோண்டுகிற நீளமான கிணறுகளுக்கு இதைவிடப் பல மடங்கு. ஒரு கிணறு என்றால் பரவாயில்லை, ஒரு சில ஏக்கர் நெல்லுக்குப் பாயும் தண்ணீர்தான் என்று வாதிடலாம், அந்த வாதம் தப்பும் இல்லை. ஆயிரம் கிணறு என்றால்? அதுவும் மேட்டூரை ஜூன் 12ல் திறப்பார்களா மாட்டார்களா என்று ஒவ்வொரு வருடமும் வானத்தைப் பார்க்கிற ஊரில்?

போன தண்ணீரில் ஒரு பகுதி திரும்பி வரும். அதுதான் பெரிய தலைவலி. கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பு, பேரியம், சில இடங்களில் இயற்கையான கதிரியக்கம் உள்ள ரேடியம். ரசாயனத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், ஆனால் உள்ளே அனுப்புகிற ரசாயனத்தைவிடப் பாறையிலிருந்து கரைந்து வெளியே வருகிற இந்த உப்புநீர்தான் எனக்குக் கவலை. பென்சில்வேனியாவில் ஆரம்பத்தில் இதை ஊராட்சிக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அனுப்பி, அங்கிருந்து ஆற்றில் விட்டார்கள். அந்த நிலையங்களால் உப்பைப் பிரிக்கவே முடியாது. 2011ல்தான் மாநில அரசு நிறுத்தச் சொன்னது. ஓக்லஹோமாவில் வேறு வழி: ஆழமான கிணறுகளில் திரும்பச் செலுத்தினார்கள். விளைவு, வருடத்துக்கு ஒன்றிரண்டு மட்டும் வந்துகொண்டிருந்த, 3 ரிக்டருக்கு மேற்பட்ட நிலநடுக்கங்கள் 2015ல் சுமார் 900 ஆயின. 2016 செப்டம்பரில் அந்த மாநிலத்துப் பானி என்ற ஊரில் 5.8 அளவில் ஒன்று. கவனியுங்கள், இவற்றில் பெரும்பாலானவை பாறையைப் பிளந்ததால் வந்தவை அல்ல, கழிவுநீரை உள்ளே தள்ளியதால் வந்தவை. பாறையைப் பிளப்பதாலேயே வந்த நிலநடுக்கமும் உண்டு. இங்கிலாந்தின் லங்காஷயரில் 2019 ஆகஸ்டில் 2.9 அளவில் ஒன்று வந்தது. நம் கணக்கில் அது ஓர் அதிர்வு. ஆனால் அந்த நவம்பரிலேயே அரசு ஃப்ராக்கிங்கை நிறுத்திவைத்தது.

குழாயில் தீப்பற்றும் காணொளிகளுக்கு வருகிறேன். இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் உண்டாக்கிய விரிசல் மேலே வந்து குடிநீர் மட்டத்தைத் தொடுவது ஏறக்குறைய நடக்காத காரியம். ஆனால் கிணற்றுத் துளைக்கும் இரும்புக் குழாய்க்கும் நடுவில் ஊற்றும் சிமென்ட் சரியாகப் பிடிக்காவிட்டால் அந்த இடைவெளி வழியாக வாயு மேலே ஏறும். பென்சில்வேனியாவின் வடகிழக்கில், வாயுக் கிணற்றுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த வீட்டுக் கிணறுகளில் மீத்தேன் அதிகமாக இருப்பதை டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011ல் காட்டினார்கள். சில இடங்களில் வாயுக் கிணறே வராத காலத்திலும் தண்ணீரில் மீத்தேன் இருந்தது என்பதும் உண்மைதான். இதனால்தான் தோண்டுவதற்கு முன்பே ஊர்க் கிணறுகளின் தண்ணீரைச் சோதித்துப் பதிவு செய்ய வேண்டும் என்கிறோம். அந்த ஆதாரம் இல்லாவிட்டால் பிற்பாடு இரண்டு தரப்பும் காலம் முழுக்க நீதிமன்றத்தில் நிற்க வேண்டியதுதான். சிமென்ட் வேலை என்பது தொழில்நுட்பப் பிரச்சினைகூட இல்லை, கண்காணிப்புப் பிரச்சினை. ஒரு கிணற்றை ஒழுங்காகப் போடலாம், நூறு கிணறும் போடலாம். ஆயிரக்கணக்கில் அவசர அவசரமாகப் போடும்போது சில கட்டாயம் ஒழுகும். மறுபடியும் எண்ணிக்கைதான்.

காலநிலைக் கணக்கும் இப்படிக் கசிவில் வந்துதான் நிற்கிறது. மின்சாரத்துக்கு வாயுவை எரித்தால் நிலக்கரியில் பாதி அளவு கரியமில வாயுதான் வரும். ஆனால் எரியாமல் கசியும் மீத்தேன் 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 80 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். அமெரிக்க வயல்களிலும் குழாய்களிலும் கசிவது உற்பத்தியில் 2.3 சதவீதம், அரசின் கணக்கைவிட 60 சதவீதம் அதிகம் என்று 2018ல் ஓர் ஆய்வு வந்தது. அந்த அளவு கசிந்தாலும் வாயு நிலக்கரியைவிடக் கொஞ்சம் பரவாயில்லைதான். பெருமைப்பட்டுக்கொள்கிற அளவுக்கு இல்லை.

இந்தியாவில் எவ்வளவு இருக்கிறது என்றால், யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் 2013ல் எடுக்கக்கூடிய ஷேல் கேஸ் 96 டிரில்லியன் கன அடி என்றது. அதே நாட்டின் புவியியல் ஆய்வு நிறுவனம் அதற்கு முந்தைய வருடம் பம்பாய், காவிரி, கிருஷ்ணா-கோதாவரி ஆகிய மூன்று படுகைகளைச் சேர்த்து 6.1 டிரில்லியன் கன அடி என்றது. கணக்கில் எடுத்த படுகைகள் வேறு, முறை வேறு என்றாலும் இரண்டுக்கும் நடுவே இருக்கும் பள்ளம் பெரிது. இரண்டும் பொய்யில்லை. துளையிட்டுப் பார்க்காத பாறையைப் பற்றிய மதிப்பீடு அப்படித்தான் இருக்கும். போலந்து பட்ட பாடு எல்லோருக்கும் பாடம்: 2011ல் 187 டிரில்லியன் கன அடி என்று கொண்டாடினார்கள், அடுத்த வருடமே அந்நாட்டின் சொந்த நிறுவனம் அதைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது, வந்த பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூட்டையைக் கட்டின. நம்மிடமே உதாரணம் உண்டு. கிருஷ்ணா-கோதாவரிக் கடலில் குஜராத் அரசு நிறுவனத்தின் வயலில் 20 டிரில்லியன் கன அடி இருப்பதாக 2005ல் அறிவித்தார்கள். இறுக்கமான பாறை, அதிக வெப்பம், அதிக அழுத்தம். சொன்னதில் சிறு துளிகூடத் தேறவில்லை, கடைசியில் 2017ல் அதன் பெரும்பங்கை ஓ.என்.ஜி.சி. தலையில் கட்டினார்கள்.

ஷேலுக்கென்று நாம் எதையும் முயலவில்லை என்பது தவறு. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் துர்காபூர் அருகே ஓ.என்.ஜி.சி. ஒரு சோதனைக் கிணற்றில் ஷேல் கேஸைக் கண்டது. 2013 அக்டோபரில் ஷேல் கொள்கை வந்தது. முதல் கட்டமாக ஓ.என்.ஜி.சி.க்கு 50 வட்டாரங்கள், அதில் காவிரிப் படுகையில் ஒன்பது. காவிரியில் ஆண்டிமடம், சாத்தப்பாடி என்று நம் ஊர்ப் பெயர்களையே தாங்கிய பாறை அடுக்குகள்தான் இலக்கு. குஜராத்தின் காம்பே, ஆந்திராவின் கிருஷ்ணா-கோதாவரி என்று போராட்டமே இல்லாத இடங்களிலும் சோதனைக் கிணறுகள் போட்டார்கள். வணிக அளவில் எங்கும் தேறவில்லை. "போராட்டத்தால்தான் இழந்தோம்" என்று சொல்கிறவர்கள் குஜராத்தில் ஏன் ஷேல் கேஸ் வரவில்லை என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

இப்போது மன்னார்குடி மீத்தேன் திட்டம். அது ஷேல் கேஸே இல்லை, நிலக்கரிப் படுகை மீத்தேன். நிலக்கரியின் மேற்பரப்பில் வாயு ஒட்டிக்கொண்டிருக்கும், அதைச் சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தம் அதைப் பிடித்துவைத்திருக்கும். தண்ணீரை இறைத்து வெளியேற்றினால் அழுத்தம் குறைந்து வாயு விடுபடும். இந்தியாவில் மரபுசாரா வாயுவில் உருப்படியாக நடக்கிற ஒரே தொழில் இதுதான். 1997ல் கொள்கை, 2007ல் மேற்கு வங்கத்தின் ராணிகஞ்சில் வணிக உற்பத்தி. அது நிலக்கரிச் சுரங்கங்களால் ஏற்கெனவே மாறிப்போன பூமி. மன்னார்குடி அப்படியா? கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்துக்கு 2010ல் ஒதுக்கியது ஏறத்தாழ 690 சதுர கிலோமீட்டர், சென்னை மாநகராட்சியைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். கீழே கிடப்பது பழுப்பு நிலக்கரி, நெய்வேலியில் போலத் தோண்டி எடுக்க முடியாத ஆழத்தில். அதற்கு மேலே குடிநீரும் பாசன நீரும் தரும் மணல் அடுக்குகள், கிழக்கே கொஞ்ச தூரத்தில் கடல். இங்கே வருடக்கணக்கில் நிலத்தடியிலிருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தால் கடல்நீர் எந்தப் பக்கம் நகரும் என்று பார்க்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. சென்னையில் மீஞ்சூர் பக்கம் கிணறுகளில் உப்பு ஏறியது இதே காரணத்தால்தான், அங்கே இறைத்தது வாயுவுக்காக இல்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். திட்டத்தை ஆதரித்தவர்கள் நிலக்கரி அடுக்குக்கும் மேலே உள்ள நீரடுக்குக்கும் தொடர்பில்லை என்றார்கள். இருக்கலாம். 690 சதுர கிலோமீட்டரில் எங்குமே இல்லை என்று நிரூபிப்பது அவர்கள் பொறுப்பாக இருந்தது, அதை யாரும் செய்யவில்லை.

இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் தன் கடைசிக் காலத்தை இந்தத் திட்டத்தை எதிர்த்துத்தான் கிராமம் கிராமமாக நடந்து கழித்தார், 2013 டிசம்பர் 30ல் அந்தப் பயணத்தின் நடுவிலேயே பட்டுக்கோட்டை அருகே இறந்தார். அதற்குச் சில மாதம் முன்பே ஜெயலலிதா அரசு திட்டத்தை நிறுத்தி நிபுணர் குழு அமைத்திருந்தது. 2015 அக்டோபரில் நிரந்தரமாகத் தடை.

புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசல் வேறு கதை. 2017 பிப்ரவரியில், மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூடு ஆறுவதற்குள், கண்டுபிடித்துவிட்டுக் கைவிட்ட சிறு வயல்களை மத்திய அரசு ஏலத்தில் ஒதுக்கியது. 31 இடங்களில் நெடுவாசலும் ஒன்று. அது பழைய வகை வயல். "இது ஃப்ராக்கிங் இல்லை, மீத்தேன் திட்டமும் இல்லை" என்று அதிகாரிகள் சொன்னது அந்தக் கிணறுகளைப் பொறுத்தவரை சரி. ஆனால் அந்தக் கொள்கையின்படி கொடுத்த உரிமம் எல்லா வகை ஹைட்ரோகார்பனுக்கும் (எண்ணெய், வாயு) சேர்த்து ஒரே உரிமம். 2016ல் வந்த புதிய உரிமக் கொள்கையும் அப்படித்தான். இன்று பழைய வகை, நாளை அதே நிலத்தில் ஷேல், தனி அனுமதிக்காக யாரும் ஊர் மக்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. நெடுவாசல் ஆட்கள் பாறையியல் படிக்காமல் இருக்கலாம், உரிமத்தைச் சரியாகத்தான் படித்தார்கள். 2020 ஜனவரியில் ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்பே வேண்டாம் என்று மத்திய அரசு விதியைத் திருத்தியதும், இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போனது. அடுத்த மாதமே தமிழக அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களோடு கடலூர், புதுக்கோட்டையின் சில ஒன்றியங்கள். புதிதாக எண்ணெய், வாயு ஆய்வும் எடுப்பும் கூடாது, ஷேலும் நிலக்கரி மீத்தேனும் பெயர் சொல்லியே தடை. ஏற்கெனவே நடப்பவை தொடரலாம்.

இந்தச் சட்டத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பழைய வகைக் கிணறு ஒன்றையும் ஷேல் வயல் ஒன்றையும் ஒரே தட்டில் வைத்துவிட்டது. கோவில்களப்பால், குத்தாலம் மின்நிலையங்கள் டெல்டா வாயுவில் ஓடுபவை. அந்த வாயு குறைந்துகொண்டே வரும்போது, நன்றாகக் கண்காணித்த சில கிணறுகளை அனுமதிப்பதில் எனக்குப் பெரிய பயம் இல்லை. ஆனால் கண்காணிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் தஞ்சாவூர் மாவட்டத்துக் கதிராமங்கலத்து ஆள் சிரிப்பார். 2017 ஜூனில் அங்கே வயலுக்குள் எண்ணெய்க் குழாய் கசிந்தது, கேட்கப் போனவர்கள்மேல் தடியடி. அந்தச் சிரிப்புக்கு என்னிடம் பதில் இல்லை. சட்டம் ராமநாதபுரத்தைத் தொடாது என்பதால்தான் 2025ல் அங்கே 20 சோதனைக் கிணறுகள் என்ற செய்தி வந்ததும் மறுபடி சத்தம் கிளம்பி, அனுமதிக்க மாட்டோம் என்று மாநில அரசு சொல்ல வேண்டிவந்தது.

நஷ்டமா என்று கேட்டீர்களே, ஷேல் கேஸ் நமக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது, கப்பலில். சபைன் பாஸிலிருந்து ஆண்டுக்கு 35 லட்சம் டன், இன்னொரு அமெரிக்க முனையமான கோவ் பாயின்டிலிருந்து 23 லட்சம் டன் என்று மத்திய அரசின் வாயு நிறுவனமான கெயில் இருபது வருட ஒப்பந்தம் போட்டிருக்கிறது. முதல் சரக்கு 2018 மார்ச்சில் மகாராஷ்டிராவின் தாபோலுக்கு வந்தது. நாடு முழுவதும் எரிக்கும் வாயுவில் ஏறத்தாழ பாதி இறக்குமதி. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019ல் திறந்த இந்தியன் ஆயிலின் 50 லட்சம் டன் முனையம் அதற்காகத்தான். மணலியில் இருக்கும் சுத்திகரிப்பு ஆலைக்கும் உர ஆலைக்கும், நகரத்து சி.என்.ஜி. பங்குகளுக்கும் அங்கிருந்துதான் போகிறது. டெக்சாஸ்காரர் தண்ணீரைச் செலவழித்து எடுத்த வாயுவை நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். அந்நியச் செலாவணி போகிறது, சண்டை வந்தால் விலை எகிறுகிறது, 2022ல் பார்த்தோம். இது சும்மா தள்ளிவிடக்கூடிய பாரம் இல்லை. உக்ரைன் போருக்குப் பிறகு ஐரோப்பா அதிக விலை கொடுத்துக் கப்பல்களை வளைத்துக்கொண்டபோது நம் உர ஆலைகள் திணறின.

கடலடியில் உறைந்த வாயுவான கேஸ் ஹைட்ரேட்டையும் கேட்பீர்கள். 2006ல் கிருஷ்ணா-கோதாவரிக் கடலில் 128 மீட்டர் தடிமனில் அது கிடைத்தது, உலகின் வளமான படிவங்களில் ஒன்று. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகமும் கிண்டி ஐ.ஐ.டி.யும் இதில் வேலை செய்கின்றன. ஜப்பான் 2013ல் எடுத்துப் பார்த்தது, ஆறே நாளில் கிணற்றில் மணல் புகுந்து நின்றுபோனது. எந்த நாடும் இன்னும் வணிக அளவுக்கு வரவில்லை. ஆராய்ச்சிக்குப் பணம் போடலாம், வீட்டு அடுப்பை நம்பி வைக்க வேண்டாம்.

அடுப்பு என்றதும் விலை. ஓ.என்.ஜி.சி.யின் பழைய வயல் வாயுவுக்கு 2023 ஏப்ரலில் வந்த சூத்திரப்படி கச்சா எண்ணெய் விலையில் பத்தில் ஒரு பங்கு, உச்சவரம்பு ஒரு மில்லியன் வெப்ப அலகுக்கு 6.5 டாலர், 2025லிருந்து வருடம் கால் டாலர் ஏறும். வீட்டுக் குழாய்க்கும் சி.என்.ஜி.க்கும் முன்னுரிமையாக ஒதுக்குவது இந்த மலிவு வாயுவைத்தான். அது வற்றிக்கொண்டிருப்பதால் 2024 அக்டோபரிலும் நவம்பரிலும் நகர நிறுவனங்களுக்கான ஒதுக்கீட்டைக் குறைத்தார்கள். ஆழ்கடல், அதிக அழுத்தம் போன்ற கடினமான கிணறுகளின் வாயுவுக்கு உச்சவரம்பு 2025ல் 10 டாலரை ஒட்டி நின்றது. நிலக்கரிப் படுகை மீத்தேனுக்கு 2017லிருந்தே சந்தை விலை, ஷேல் வந்தாலும் அந்த வழிதான். இறக்குமதியைப் பாருங்கள்: சபைன் பாஸ் ஒப்பந்தத்தில் அமெரிக்கச் சந்தை விலையில் 115 சதவீதம், அதன்மேல் 3 டாலர், பிறகு கப்பல் வாடகை. அங்கே 3 டாலராக இருந்தால் கப்பலில் ஏறும்போதே ஆறரை. வாடகையும் மற்ற செலவும் சேர்ந்து எண்ணூர் வந்து சேரும்போது கடினக் கிணற்று வாயுவின் உச்சவரம்பிலிருந்து அதிக தூரத்தில் இருக்காது. ஆக, திருவாரூரில் ஷேல் கிணறு தோண்டியிருந்தாலும் அந்த வாயு சந்தை விலைக்குத்தான் விற்றிருக்கும், வேளச்சேரி வீட்டு பில்லில் உங்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.